எதிர்வீட்டுத் தேமலுக்கு எங்கள் அப்பா காரணமா? கிருமியின் மரபணு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்குப் பதினான்கு வருடத்துக்கு முன் தொழுநோய் வந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கி ஒரு வருடம் முழுசாகச் சாப்பிட்டு முடித்துவிட்டார். கையில் இரண்டு விரல் மடங்கிப்போனதுதான் மிச்சம். இப்போது, இரண்டு வருடத்துக்கு முன் எதிர்வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பெண்ணுக்கு முதுகில் ஒரே ஒரு தேமல். தொட்டால் உணர்ச்சி இல்லை. தொழுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். "அந்தப் பெரியவர்கிட்டருந்துதான் ஒட்டியிருக்கும்" என்று தெருவில் பேச்சு. இரண்டு பேருடைய கிருமியையும் டி.என்.ஏ. சோதனை செய்து, அப்பாவிடமிருந்து வரவில்லை என்று நிரூபிக்க முடியுமா, எங்கே செய்வார்கள், எவ்வளவு ஆகும் என்பது கேள்வி.

உங்களுக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்: முடியாது. எவ்வளவு செலவு செய்தாலும் உங்கள் விஷயத்தில் முடியாது. ஆனால் அந்தச் சோதனை இல்லாமலே தெருவுக்குச் சொல்ல உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. அது காலண்டரில் இருக்கிறது.

தொழுநோய்க் கிருமி உடம்புக்குள் போய் தேமலாக வெளியே தெரிய சராசரியாக ஐந்து வருடம் ஆகும். ஒரு வருடத்தில் தெரிந்தவர்களும் உண்டு, இருபது வருடம் கழித்துத் தெரிந்தவர்களும் உண்டு. அந்தப் பெண் உங்கள் தெருவுக்கு வந்தே இரண்டு வருடம்தான். உங்கள் அப்பா மாத்திரை முடித்துப் பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. கூட்டு மருந்து சாப்பிட ஆரம்பித்த சில நாட்களிலேயே ஒருவர் மற்றவருக்குப் பரப்பும் நிலையிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். அதாவது, அந்தப் பெண் உங்கள் தெருவில் கால் வைப்பதற்குப் பத்து வருடத்துக்கும் முன்பே உங்கள் அப்பாவிடமிருந்து பரவ வழியில்லாமல் போய்விட்டது. மடங்கிய விரலைப் பார்த்துத்தான் ஊர் பயப்படுகிறது. அந்த விரல் பழைய நரம்புச் சேதம். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு அன்றைக்குக் கெட்டதன் விளைவு. அதில் கிருமி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

"அப்படியென்றால் அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்ததா?" என்று அடுத்த கேள்வி கிளம்பும். தயவுசெய்து நீங்கள் அதைக் கிளப்பாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்த பழியைத் தூக்கி இன்னொரு வீட்டு வாசலில் வைப்பதாகத்தான் அது முடியும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பலருக்குத் தெரிந்த வட்டத்தில் இன்னொரு நோயாளியைக் காட்டவே முடிவதில்லை. ஆராய்ச்சிக்காரர்களைப் பல பத்தாண்டுகளாகக் குடையும் விஷயமும் அதுதான். மரபணு வகைப்படுத்தல், அதாவது டி.என்.ஏ.வை வைத்துக் கிருமியை ரகம் பிரிக்கும் வேலை, அந்தக் குடைச்சலில்தான் பிறந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏன் உங்களுக்கு உதவாது என்பது அப்போதுதான் விளங்கும்.

கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் லெப்ரே. நார்வேயில் பெர்கன் நகரத்தில் ஹான்சன் என்ற மருத்துவர் 1873-ல் கண்டார். மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியாக்களில் முதலில் அடையாளம் காணப்பட்டவற்றில் ஒன்று. ஆனால் இன்றுவரை ஆய்வகத் தட்டில் யாராலும் அதை வளர்க்க முடியவில்லை. வயிற்றுப்போக்குக் கிருமி ஒன்று இருபது நிமிடத்தில் இரண்டாகும். இது இரண்டாக 12 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளும். எலியின் பாதத்தில் வளர்க்கலாம் என்று 1960-ல் ஷெப்பர்ட் காட்டினார். அப்புறம் அமெரிக்காவின் ஒன்பது பட்டை ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்திய விலங்கில் நிறைய வளர்கிறது என்று 1970-களின் தொடக்கத்தில் தெரிந்தது. அந்த விலங்கின் உடல் வெப்பம் குறைவு. இந்தக் கிருமிக்குக் குளிர்ச்சி பிடிக்கும். காது மடல், மூக்கு, முழங்கை, முகம் என்று உடம்பின் குளிர்ந்த பகுதிகளைத் தேடிப் போவதும் அதனால்தான்.

தட்டில் வளராத கிருமியை வேறுபடுத்திப் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். மற்ற கிருமிகளை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எந்தச் சர்க்கரையைத் தின்கிறது என்று பார்த்து வகை பிரிப்பார்கள். இதில் அந்த வழியெல்லாம் அடைப்பு. டி.என்.ஏ.வை நேராகப் படிக்கும் வசதி வந்த பிறகுதான் கதவு திறந்தது.

2001-ல் ஸ்டூவர்ட் கோல் தலைமையிலான குழு இந்தக் கிருமியின் முழு ஜீனோமையும், அதாவது அதன் மொத்த டி.என்.ஏ.வையும், படித்து வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட ரகத்துக்கு டி.என். என்று பெயர். டி.என். என்றால் தமிழ்நாடுதான். நம் மாநிலத்து நோயாளி ஒருவரின் தோலிலிருந்து எடுத்து, ஆர்மடில்லோவில் பெருக்கிய கிருமி அது. இன்றைக்கு பிரேசிலில், சீனாவில், பிரான்சில் யார் ஒரு தொழுநோய்க் கிருமியின் ஜீனோமைப் படித்தாலும் முதலில் ஒப்பிடுவது இந்தத் தமிழ்நாட்டு ரகத்தோடுதான். இதில் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த நோயாளிக்குத் தன் உடம்பிலிருந்து எடுத்தது உலகத்துக்கே அளவுகோல் ஆகப்போகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்களா என்று மட்டும் யோசிப்பதுண்டு.

டி.என்.ஏ.வுக்கு ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்து; அந்த எழுத்துகளில் எழுதிய இந்த ஜீனோமின் நீளம் சுமார் 32 லட்சத்து 70 ஆயிரம் எழுத்துகள். அதன் உறவுக்காரனான காசநோய்க் கிருமிக்கு 44 லட்சம். குறைந்தது மட்டுமில்லை, இருப்பதிலும் பாதிக்கு மேல் உபயோகமில்லாமல் கிடக்கிறது. வேலை செய்யும் மரபணு சுமார் 1,600. ஒரு காலத்தில் வேலை செய்து இப்போது பழுதாகிக் கிடப்பது 1,100-க்கு மேல். மனித நரம்புக்குள்ளும் தோலுக்குள்ளும் உட்கார்ந்தே தின்று பழகிய கிருமி, தனியாகப் பிழைக்கத் தேவையான சாமான்களையெல்லாம் தொலைத்துவிட்டது. தட்டில் ஏன் வளரவில்லை என்பதற்குப் பெரிய விளக்கம் அதில் இருக்கிறது.

சரி, வகை பிரிப்புக்கு வருவோம். 2005-ல் மார்க் மோனோ, கோல் முதலியவர்கள் பல நாட்டுக் கிருமிகளை வைத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு வேறுபாடு இல்லவே இல்லை. எங்கே எடுத்தாலும் ஏறத்தாழ அதே கிருமி. வேறுபட்ட எழுத்துகளில் மூன்றே மூன்றை எடுத்துக்கொண்டார்கள். அந்த மூன்று இடத்தில் சி, ஜி, ஏ என்று இருந்தால் முதல் வகை. சி, டி, ஏ என்றால் இரண்டாவது. சி, டி, சி மூன்றாவது. டி, டி, சி நான்காவது. மூன்று இடத்தில் நான்கு எழுத்து என்றால் 64 விதமாக வரலாம். கிடைத்தது நான்கு விதம்தான். அந்த அளவுக்கு இந்தக் கிருமி மெதுவாக மாறுகிறது, மாறியதும் மனிதர்களோடு ஒரே பாதையில் நடந்திருக்கிறது. முதல் வகை இந்தியா உட்பட ஆசியாவில். மூன்றாவது ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, அமெரிக்கா. நான்காவது மேற்கு ஆப்பிரிக்காவிலும் அங்கிருந்து அடிமைகள் கொண்டுபோகப்பட்ட கரீபியன் பக்கமும். இரண்டாவது எத்தியோப்பியா, நேபாளம் என்று சிதறிக் கிடக்கிறது. 2009-ல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்து இவற்றை A முதல் P வரை 16 உட்பிரிவாக்கினார்கள். அப்போது இந்தியா, பிரேசில், தாய்லாந்து, அமெரிக்கா என்று நான்கு நாட்டு ஜீனோமை முழுசாக ஒப்பிட்டதில் 99.995 சதவீதம் ஒன்றாகவே இருந்தது.

நம் பக்கம் வருவது பெரும்பாலும் முதல் வகைதான், அதிலும் 1-டி என்ற உட்பிரிவு. அளவுகோலான அந்த டி.என். ரகம் 1-ஏ. உசிலம்பட்டியில் ஒருவரிடமும் மேலூரில் ஒருவரிடமும் மாதிரி எடுத்து இரண்டும் 1-டி என்று வந்தால் அதற்கு என்ன அர்த்தம்? இரண்டு பேரிடமும் இருப்பது நம் பக்கம் பரவலாக இருக்கும் ரகம் என்று அர்த்தம். அவ்வளவுதான். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்ததா என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.

"மூன்று எழுத்தை விடுங்கள், 32 லட்சம் எழுத்தையும் படித்தால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கேதான் இந்தக் கிருமி கையை விரிக்கிறது. இடைக்கால ஐரோப்பிய எலும்புக்கூடுகளிலிருந்து எடுத்த பழைய ஜீனோம்களையும் இன்றைய ஜீனோம்களையும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு கிருமி வம்சத்தில் முழு ஜீனோமிலும் சேர்த்து ஒரு எழுத்து மாற சுமார் 40, 50 வருடம் ஆகிறது. கொரோனாவில் மாதத்துக்கு ஓரிரு எழுத்து மாறியது. அதனால்தான் எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு எந்த வாரத்தில் வந்தது என்றெல்லாம் சொல்ல முடிந்தது. அதைப் பார்த்துப் பழகிய நமக்குத் தொழுநோயிலும் அப்படிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. இதில் தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போன கிருமியிலும் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். ஒரு தாலுகாவில் சம்பந்தமே இல்லாத இரண்டு பேரிடமும் அச்சு அசலாக ஒரே ஜீனோம் இருக்கலாம்.

இதற்கு மாற்றாக வேகமாக மாறும் இடங்களைத் தேடினார்கள். ஜீனோமில் சில இடங்களில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும்: டி.டி.சி, டி.டி.சி, டி.டி.சி என்று இருபது முறைக்கு மேல். பூக்கட்டுகிறவர் ஒரே மாதிரிக் கண்ணியை வேகமாகப் போட்டுக்கொண்டே போகும்போது எண்ணிக்கையில் ஒன்று கூடும், ஒன்று குறையும் அல்லவா, அதேபோல கிருமி தன்னை நகலெடுக்கும்போது இந்தத் தொடர்களில் எண்ணிக்கை சறுக்கும். ஒருவரிடம் 21, இன்னொருவரிடம் 15 என்று வரும். இப்படிப் பல இடங்களை எண்ணிச் சேர்த்தால் ஒவ்வொருவர் கிருமிக்கும் ஒரு எண் வரிசை கிடைக்கும். 2000-க்குப் பிறகு பத்து வருடம் இதில்தான் எல்லோருக்கும் மோகம். தெரு அளவில், வீட்டு அளவில் பரவும் பாதையைப் பிடித்துவிடலாம் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்த ஆய்வு ஒன்று 2008-ல் வந்தது. ஆப்பிரிக்காவின் மலாவியிலும் நம் ஹைதராபாத்திலும் எடுத்த மாதிரிகள். ஹைதராபாத்தில் ஒரே வீட்டில் ஒருவருக்கு மேல் நோய் வந்த குடும்பங்கள். அவர்களுக்குள் எண் வரிசை அதிகம் வேறுபடவில்லை, எதிர்பார்த்தபடிதான். ஆனால் மலாவியில் ஒரே நோயாளியிடம், வேறு வேறு சமயத்தில் எடுத்த மாதிரிகளில் வரிசை மாறியிருந்தது. தோலில் எடுத்ததும் நரம்பில் எடுத்ததும் ஒன்றாக இல்லை. ஒரு மனிதரின் உடம்புக்குள்ளேயே எண்ணிக்கை சறுக்குகிறது என்றால், இரண்டு மனிதர்களுக்கிடையே வேறுபாடு இருப்பதை வைத்து "இவரிடமிருந்து வரவில்லை" என்று எப்படித் தீர்ப்பு சொல்வது? குறுகிய சங்கிலிகளுக்கு ஜாக்கிரதையாகப் பயன்படுத்தலாம், பொதுவான கருவியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன முடிவு. என் கணிப்பும் அதுவே.

ஆக நிலைமை இது: ஒரு கடிகாரம் ரொம்ப மெதுவாக ஓடுகிறது, இன்னொன்று தறிகெட்டு ஓடுகிறது. எதிர்வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் நடந்ததை அளக்கத் தோதான கடிகாரம் இந்தக் கிருமியிடம் இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தாலும்கூட, ஒத்துப்போவது வேறு, திசை வேறு. அ-விடமிருந்து ஆ-வுக்கு வந்ததா, ஆ-விடமிருந்து அ-வுக்கா, இரண்டு பேருக்கும் மூன்றாவது ஒருவரிடமிருந்தா என்பதை ஒற்றுமை மட்டும் சொல்லாது.

இதெல்லாம் தத்துவச் சிக்கல். நடைமுறைச் சிக்கல் இன்னும் எளிது. ஒப்பிட உங்கள் அப்பாவிடமிருந்து என்ன எடுப்பீர்கள்? கிருமி செத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்குத் தோலைச் சுரண்டித் தேய்த்து எடுத்த ஸ்மியர் கண்ணாடி எங்காவது பத்திரமாக இருந்தால் ஒழிய வழியில்லை. சாயம் ஏற்றிய பழைய கண்ணாடியிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்திருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் ஒரு வட்டார மருத்துவமனையில் அத்தனை வருடம் யார் வைத்திருப்பார்கள்?

அந்தப் பெண்ணிடமிருந்தும் கிடைக்காது. ஸ்மியர் எடுப்பதைப் பார்த்திருந்தால் இது புரியும். காது மடலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடிப்பார்கள். ரத்தம் விலகி அந்த இடம் வெளுக்கும். பிளேடால் அரை சென்டிமீட்டர் நீளத்துக்குச் சின்னக் கீறல், ஆழம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். பிடியை விடாமல் பிளேடைச் செங்கோணமாகத் திருப்பிக் கீறலின் உள்பக்கத்தைச் சுரண்டுவார்கள். ரத்தம் கலந்தால் கெட்டது. நல்ல கை என்றால் சுரண்டலில் சிவப்பு வராமல் கலங்கிய நீர் மாதிரி வரும். அதைக் கண்ணாடியில் சின்ன வட்டமாகத் தேய்த்து, தீயில் காட்டி, சாயமேற்றிப் பார்த்தால் நீல நிறத்துக்கு நடுவில் சிவப்புக் குச்சிகள். நிறையக் கிருமி உள்ளவர்களிடம் ஒரே பார்வைக்குள் ஆயிரத்துக்கு மேல்கூட, கட்டுக் கட்டாகத் தெரியும். ஆறு கூட்டல் (6+) என்று எழுதுவார்கள். முதுகில் ஒற்றைத் தேமல் உள்ளவரிடம் எத்தனை தேடினாலும் ஒன்றும் தெரியாது. அவர் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கிருமியை அடக்கி வைத்திருக்கிறது. கிருமியே கண்ணில் படாத இடத்தில் எதன் மரபணுவைப் படிப்பது? டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை செய்தால் ஜீனோமில் முப்பதுக்கும் மேற்பட்ட பிரதிகளாக இருக்கும் ஒரு துண்டை வைத்து "கிருமி இருக்கிறது" என்று சில சமயம் சொல்லலாம். வகை பிரிக்கும் அளவுக்குக் கிடைப்பது அரிது. நிறையக் கிருமி உள்ள தோலிலேயே கிருமி டி.என்.ஏ. ஒரு துளி, மனித டி.என்.ஏ. ஒரு கடல்.

அப்படியென்றால் இந்த வகை பிரிப்பு வெட்டி வேலையா? இல்லை. கேள்வி பெரிதாக இருக்கும்போது அது பிரமாதமாக வேலை செய்கிறது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெளிநாட்டுக்கே போகாத சிலருக்குத் தொழுநோய் வந்துகொண்டிருந்தது. 2011-ல் அவர்களுடைய கிருமியையும் அங்கே காட்டில் திரியும் ஆர்மடில்லோவின் கிருமியையும் படித்தார்கள். உலகத்தில் வேறெங்கும் பார்க்காத ஒரு ரகம் இரண்டிலும் இருந்தது. ஆர்மடில்லோவைப் பிடிப்பது, சமைப்பது வழியாக வந்திருக்கலாம் என்பதற்கு அது வலுவான சாட்சி. 2016-ல் பிரிட்டனில் பிரௌன்சி தீவின் செந்நிற அணில்களில் தொழுநோய்க் கிருமி இருப்பது தெரிந்தது. அது இடைக்கால ஐரோப்பிய எலும்புகளில் கண்ட ரகத்துக்கு மிக நெருங்கியது. மனிதரிடம் அங்கே நோய் அற்றுப்போய்ப் பல நூறு வருடம் ஆகியும் அணிலிடம் தங்கியிருக்கிறது. 2021-ல் மேற்கு ஆப்பிரிக்கக் காட்டுச் சிம்பன்சிகளிலும் கண்டார்கள்.

இதைச் சொன்னதும் அழகர்மலை, சிறுமலைப் பக்கத்து அழுங்கு ஞாபகம் வரும் சிலருக்கு. உடம்பெல்லாம் ஓடு, சுருண்டுகொள்ளும், பார்க்க ஆர்மடில்லோ மாதிரியே. ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆர்மடில்லோ அமெரிக்கக் கண்டத்து விலங்கு. அழுங்கைக் கண்டால் அடிக்க இன்னொரு காரணம் யாருக்கும் வேண்டாம். நம் ஊரில் தொழுநோய் முக்கியமாக மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான், சிகிச்சை எடுக்காதவரின் மூக்குச் சளித் திவலை வழியாக, நீண்ட நாள் நெருங்கிப் பழகுவதால். மேற்கு வங்கத்தில் புருலியாப் பக்கம் நோயாளிகள் இருக்கும் ஊர்களின் மண்ணில் கிருமியின் டி.என்.ஏ. கிடைத்தது, அது நோயாளிகளின் வகையோடும் ஒத்துப்போனது. மண்ணிலிருந்து மனிதருக்கு வருகிறது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் புறக்கணிக்கவும் முடியாது.

மதுரையில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு பேச்சு, வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு வருகிறவர்கள்தான் இந்த நோயைக் கொண்டுவருகிறார்கள் என்பது. மரபணு வகையை வைத்து இதற்கு ஆதாரம் காட்ட நினைத்தாலும் லேசில் முடியாது. முதல் வகை வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. ராஜஸ்தானில் பாலாத்தல் என்ற இடத்தில் தோண்டியெடுத்த நாலாயிரம் வருடப் பழைய எலும்புக்கூட்டிலேயே தொழுநோய் அடையாளம் இருக்கிறது. மானாமதுரை தயாபுரம் மருத்துவமனை நூறு வருடத்துக்கு மேலாக இந்த நோய்க்காகவே நடக்கிறது. வேலூர்ப் பக்கத்துக் கரிகிரி, செங்கல்பட்டுத் திருமணித் தொழுநோய் மருத்துவமனைகள் நேற்று வந்தவையா? நோய் இங்கேயே இருக்கிறது. 2005 டிசம்பரில் தேசிய அளவில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே வந்தபோது 'ஒழிந்துவிட்டது' என்று பேசினோம். இன்றும் நாட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு வட்டாரத்தில் நோய் இப்போதும் பரவிக்கொண்டிருக்கிறதா என்று தெரிய நான் முதலில் கேட்பது ஜீனோமை அல்ல, புதிய நோயாளிகளில் எத்தனை பேர் குழந்தைகள் என்பதைத்தான். எட்டு வயதுப் பையனுக்குத் தேமல் என்றால், கடந்த சில வருடத்துக்குள் அவனருகில் சிகிச்சை எடுக்காத ஒருவர் இருந்திருக்கிறார். இதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம்.

உங்கள் வட்டாரத்தில் ஒரு நோயாளிக்கு மரபணுச் சோதனை நேராகப் பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது: மருந்து எதிர்ப்பு. மாத்திரை முழுசாக முடித்த ஒருவருக்கு மறுபடி ஸ்மியரில் கிருமி கூடினால், அந்தக் கிருமியின் மூன்று மரபணுக்களில் குறிப்பிட்ட இடங்களைப் படித்து டாப்சோன், ரிஃபாம்பிசின், ஓஃப்லாக்சசின் மூன்றுக்கும் அது மசிகிறதா இல்லையா என்று சொல்லலாம். தட்டில் வளர்த்துப் பார்க்க முடியாத கிருமிக்கு இது பெரிய வரம். பரவல் பாதை தெரியாவிட்டாலும் ஆளைக் காப்பாற்றலாம். ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு இதற்குப் போகவேண்டும் என்பது என் கட்சி.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எதிர்வீட்டுப் பெண்ணோடு வீட்டில் இருப்பவர்கள், அக்கம்பக்கத்தில் நெருங்கிப் பழகுகிறவர்கள் எல்லோரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். உங்கள் வீடும் அதில் சேரட்டும்; வாசலை மூடிக்கொண்டால் பேச்சுதான் வளரும். நோய் இல்லாத தொடர்புகளுக்கு ஒரே வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில் முதல் இரண்டு வருடத்தில் நோய் வருவதை அது பாதிக்கு மேல் குறைத்தது. அந்தப் பெண்ணுக்கு ஒற்றைத் தேமல் என்பதால் பொதுவாக ஆறு மாத மாத்திரை. இலவசம். அவர் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுங்க வேண்டியதில்லை. மாமியார் வீட்டில் யாராவது "விலக்கிவிடலாம்" என்று வாயெடுத்தால், தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகளை 2019-லேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு உணர்ச்சி குறைந்த கை, கால் இருந்தால் அடுப்புச் சூடும் முள்ளும்தான் இப்போது எதிரி. தினமும் சாயங்காலம் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள், மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு அரசு மருத்துவமனையில் கேட்டால் கிடைக்கும். அவருக்கோ அந்தப் பெண்ணுக்கோ திடீரென்று தேமல் சிவந்து வீங்கினால், முழங்கை நரம்பு வலித்தால், கை பலம் குறைந்தால், அது நோய் திரும்பியதாக இருக்க வேண்டியதில்லை. உடம்பின் எதிர்வினையாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படும். சில வாரம் தாமதித்தால் நரம்பு போய்விடும். அப்போது வட்டாரத்தில் காத்திருக்காமல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைத் தோல் பிரிவுக்கோ மானாமதுரைக்கோ அதே வாரத்தில் கூட்டிப்போங்கள், பழைய சிகிச்சைச் சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.